டர்போ காற்றுக்குழாயைக் கூட்டாகச் செய்து வாங்குவது எப்படி?

விற்பனை நின்றுபோன டீசல் கார் ஒன்றை மலையில் வைத்து ஓட்டுகிறவரிடம் உதிரிபாகக் கடைக்காரர் முதலில் கைவிரிக்கும் பொருள், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவின் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சுழலியின்) வாய்க்குப் போகும் காற்றுக்குழாய்தான். பிஸ்டன் ரிங் எங்காவது கிடைத்துவிடும். இந்த வளைந்த குழாய் கிடைக்காது. இன்ஜின் சூட்டிலும் மார்கழி உறைபனியிலும் மாறி மாறிக் கிடந்து, மடிப்புகளின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடித்திருக்கும். அதன்மேல் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு ஓட்டாதவர் கோத்தகிரியில் குறைவு. ஒருவருக்காக மட்டும் செய்தால் கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான் என்பதால், இந்த வேலையின் பணப்பக்கத்தைச் சற்று அழுத்தியே சொல்வேன்.

முதலில் ஆட்கள். புதுக் குழாய் போட்டால் வண்டியின் இழுவை கூடும் என்று நம்பி வருகிறவரைச் சேர்க்காதீர்கள். உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுற்ற வேண்டியிருக்கிறது. குழாயில் வெடிப்பு இருந்தால் ஃபில்டரைத் தாண்டிச் செம்மண் தூசியும் உள்ளே போகும். டர்போவின் சக்கர இதழ்கள் தேயும். நல்ல குழாய் இந்த நஷ்டத்தை நிறுத்தும், அவ்வளவுதான். அதற்குமேல் எதிர்பார்த்து வந்தவர் பிற்பாடு பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

அடுத்து, எல்லோருடைய வண்டியும் ஒரே வண்டிதானா என்று பாருங்கள். ஒரே இன்ஜின் என்பது போதாது. 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் மாருதி, டாடா, ஃபியட் என மூன்று நிறுவனங்களின் கார்களிலும் வந்தது. 75 குதிரைத்திறன் கொண்டதில் ஒரு வகை டர்போ, 90 குதிரைத்திறன் கொண்டதில் வேறு வகை. ஃபில்டர் பெட்டி இருக்கும் இடமும் காருக்குக் கார் மாறும். ஆகவே ஒவ்வொருவரிடமும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் கேளுங்கள். பானெட்டைத் திறந்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படமும் வாங்குங்கள். குழாயின் இரு வாய்களுக்கும் வெர்னியர் வைத்து எடுத்த அளவு வேண்டும். டேப் வைத்து அளந்து அனுப்புகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். 2 மில்லிமீட்டர் தவறினால் குழாயை இறுக்கும் கிளிப் பிடிக்காது.

இப்போது பட்டறை. வார்ப்பும் கடைசலும் தெரிந்த ஊரான கோயம்புத்தூர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் விசாரித்தால் அலுமினிய அச்சு செய்து தருகிறவரும், அவர் வழியாக சிலிக்கான் ரப்பர் குழாய் போடுகிறவரும் கிடைப்பார்கள். செய்முறை எளிது: குழாயின் உள்வடிவத்தில் ஓர் அச்சு, அதன்மேல் துணி வைத்த சிலிக்கான் தாளை அடுக்கடுக்காகச் சுற்றி, இறுக்கிக் கட்டி, சூளையில் வேகவைத்து, பிறகு அச்சிலிருந்து உருவி எடுப்பார்கள். செலவு அந்த அச்சில் இருக்கிறது.

பட்டறைக்காரரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்காமல் முன்பணம் தர வேண்டாம். டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். ஃபில்டர் அடைத்திருக்கும்போது மெல்லிய குழாய் உள்ளே சப்பிப்போகும். அதனால் வளைவில் கம்பிச்சுருள் வைக்க வேண்டும். இரண்டாவது, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் புகைமூச்சுக் குழாய் (பிரீதர்) பெரும்பாலும் இந்தக் குழாயில்தான் வந்து சேர்கிறது. அதில் எண்ணெய்ப்பசை வரும். சாதாரண சிலிக்கான் எண்ணெயை இழுத்து ஊறிப்போகும். உட்புறம் எண்ணெய் தாங்கும் ஃபுளூரோசிலிக்கான் பூச்சு உண்டா என்று கேளுங்கள். ‘எல்லாம் தாங்கும் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள். மூன்றாவது, அச்சு யாருக்குச் சொந்தம் என்பது. காசு நாம் கொடுத்தால் அச்சு நமக்கு. இதை விலைப்புள்ளியிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதே குழாயை அவரிடமே அவர் சொல்லும் விலைக்கு வாங்குவீர்கள்.

வடிவத்தை அழகுபடுத்தும் ஆசை சிலருக்கு வரும். பழைய குழாயில் துருத்தி மாதிரி மடிப்பு இருப்பது சும்மா இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் இன்ஜின் தன் மவுண்டிங்கில் ஆடுகிறது. ஃபில்டர் பெட்டியோ பாடியோடு அசையாமல் நிற்கிறது. அந்த ஆட்டத்தை மடிப்பு வாங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு வழவழப்பாகச் செய்தால், இரண்டாம் கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது குழாய் கிளிப்பிலிருந்து நழுவும். காற்றளவு சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டத்தையும் தொடக்கூடாது. அது மாறினால் இன்ஜினுக்குப் போகும் காற்றின் கணக்கே தவறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் தந்த விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். பழையதைப் போலவே ஒன்று. அதுதான் நம் ஆர்டர்.

பணத்துக்கு வருவோம். அச்சுக்கு 15,000 ரூபாய், குழாய் ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரானால் தலைக்கு 5,000. பத்துப் பேரானால் 3,500. இருபது பேரானால் 2,750. முப்பது பேரானால் 2,500. கடைசிப் படியில் மிச்சமாவது வெறும் 250 ரூபாய். அதற்காகப் பட்டியலைத் திறந்தே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தால், முதலில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். பத்தைத் தாண்டியதும் ஒரு தேதி குறித்துப் பட்டியலை மூடிவிடுங்கள்.

‘என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா’ என்பவர்கள் எப்போதும் ஏராளம். முன்பணம் வந்த பிறகுதான் பெயரை எழுத வேண்டும். உறவினர், ஊர்க்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் இதே விதி. விலையை எட்டுப் பேர் கணக்கில் சொல்லி வசூலியுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். கூடக் கேட்டு வாங்குவதுதான் பகை. திருப்பிக் கொடுத்தால் யாரும் கோபிப்பதில்லை. ஜிஎஸ்டி, கிளிப், வண்டிக்கூலி மூன்றையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். விலகுகிறவர் தமக்குப் பதில் ஆள் கொண்டுவந்தால்தான் பணம் திரும்பும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரவு செலவை ஒரு தாளில் எழுதி, பில்லோடு எல்லோருக்கும் படமெடுத்து அனுப்புங்கள். உங்கள் அலைச்சலுக்கு ஏதாவது எடுத்துக்கொள்வதானால் அதையும் அந்தத் தாளில் ஒரு வரியாகவே எழுதுங்கள்.

மொத்த ஆர்டருக்கு முன் ஒரே ஒரு குழாய் செய்யச் சொல்லுங்கள். வடிவம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் மாதிரி எடுக்கலாம். ஆனால் அதைப் போட்டு ஓட்டக்கூடாது; பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். சிலிக்கான் குழாய் வந்ததும் வண்டியில் மாட்டி மேட்டுப்பாளையம் இறங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு மதிய வெயிலில் திரும்ப ஏறுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம். இதைவிடக் கடுமையான சோதனைச்சாலை பட்டறைக்காரரிடம் இருக்காது. அதன்பின் சில வாரம் சாதாரணமாக ஓட்டிவிட்டு, குழாயைக் கழற்றி உட்புறத்தை வெள்ளைத்துணியால் துடையுங்கள். சீரான எண்ணெய்ப்பசை இருந்தால் கவலையில்லை. கிளிப் பக்கத்திலிருந்து வால் போலச் செம்மண் கோடு ஓடினால் அந்த இடத்தில் காற்றுப் புகுகிறது. வாயின் அளவைத் திருத்தச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை முடியும்வரை பட்டறைக்குப் பாதிப் பணத்துக்கு மேல் போகக்கூடாது.

சரக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் மாதிரியோடு ஒப்பிட்டு, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். துணி மடங்கியிருந்தால் நெருடும். அதைத் திருப்பிவிடுங்கள். சமவெளியிலிருந்து சேர்ந்தவர்களை மேலே வரவழைக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மேட்டுப்பாளையத்திலேயே கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது. மேலே கொண்டுவருவதை அட்டைப்பெட்டியிலும் செய்தித்தாளிலும் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையோடு வந்தால் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கிளிப்பைக் குளிர்ந்த இன்ஜினில் இறுக்கி, முதல் மலை ஏற்றத்துக்குப் பிறகு மறுநாள் காலையில் இன்னொரு தரம் இறுக்கச் சொல்லுங்கள். புதுச் சிலிக்கான் சற்று அமுங்கிக்கொடுக்கும்.