கிளாட் திரும்ப எழுதலாமா வேணாமா? முடிவெடுக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், கிளாட்னா என்எல்யூன்னு சொல்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல சேர எழுதற நுழைவுத் தேர்வு, அதோட ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரியே "ஒரு வருஷம் எங்கயும் சேராம டிராப் போட்டு திரும்ப எழுதுறேன்"னு வீட்ல சொல்லிடாதீங்க. நான் சொன்னேன். அப்பா மூணு நாள் பேசல, நானும் மார்ச்ல பப்ளிக் எக்ஸாம் இருக்கறதையே விட்டுட்டு போன கிளாட் பேப்பரையே நினைச்சு உக்காந்திருந்தேன். நான் மொத தடவ எழுதினது 2023 டிசம்பர்ல, பிளஸ் டூ படிச்சிட்டு இருக்கும்போதே. அடுத்த கிளாட் அடுத்த டிசம்பர்லதான் வரும், அதனால ஜனவரியில முடிவெடுத்தாலும் ஏப்ரல்ல எடுத்தாலும் பெருசா ஒண்ணும் போயிடாது, ஆனா பிளஸ் டூ மார்க் போச்சுன்னா சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்து சீட்டும் போயிடும், ஏன்னா அங்க கிளாட் கேக்க மாட்டாங்க, பிளஸ் டூ மார்க்தான். கையில இருக்கற அந்த ஒரு கதவ நாமளே சாத்திக்க கூடாது.

எழுத தகுதி இருக்கான்னு பயப்படாதீங்க. கிளாட்டுக்கு மேல் வயசு வரம்பு கிடையாது, இத்தன தடவைதான் எழுதலாம்னும் கிடையாது, போன தடவ எடுத்த மார்க்க யாரும் பாக்க போறதில்ல, அந்தந்த வருஷ ரேங்க்தான் கணக்கு.

பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சதும் ஒரு நாள் ஒதுக்கி கிளாட் கொஸ்டின் பேப்பரையும் உங்க ஆன்சரையும் எடுத்து வச்சு உக்காருங்க. முடிவு அந்த பேப்பர்லதான் இருக்கு, பக்கத்து வீட்டு அங்கிள் சொல்றதுல இல்ல. மொத்தம் 120 கேள்வி, 120 நிமிஷம், ரைட்டுக்கு 1, தப்புக்கு கால் மார்க் போகும். நான் 110 அட்டெண்ட் பண்ணி 72 ரைட், 38 தப்பு, 62.5 வந்துச்சு. எல்லாரும் "நெகட்டிவ்ல போச்சுப்பா, கம்மியா அட்டெண்ட் பண்ணிருக்கலாம்"னாங்க. நானும் நம்பினேன். அப்புறம் கணக்கு போட்டு பாத்தா அந்த 38 தப்புல நெகட்டிவா போனது வெறும் 9.5 மார்க்தான், மீதி 38 மார்க் போனது தெரியாததாலயோ சரியா படிக்காததாலயோ. நாலு ஆப்ஷன்ல கண்ண மூடிட்டு 20 கேள்விக்கு போட்டாலும் சராசரியா 5 ரைட் ஆகும், 15 தப்புக்கு 3.75 போகும், கடைசில நஷ்டம்னு ஒண்ணும் இல்ல. அதனால நெகட்டிவ் மேல பழிய போட்டுட்டு "அடுத்த தடவ ஜாக்கிரதையா எழுதுவேன்"ங்கற ஒரே காரணத்துக்காக ஒரு வருஷத்த கொடுக்காதீங்க.

தப்பானதையும் விட்டதையும் மூணா பிரிங்க. தெரிஞ்சும் அவசரத்துல மாத்தி போட்டது ஒண்ணு, டைம் பத்தாம படிக்கவே முடியாம விட்டது ரெண்டு, எவ்ளோ நேரம் கொடுத்தாலும் வந்திருக்காதுங்கறது மூணு. இதுல மூணாவது ஜிகேயா, அதாவது பொது அறிவா இருந்தா சந்தோஷப்படுங்க, கரண்ட் அஃபேர்ஸும் ஜிகேயும் சேர்ந்து பேப்பர்ல கால்வாசி, தினமும் நியூஸ் பேப்பர் படிச்சு நோட்ஸ் எடுத்தா ஒரு வருஷத்துல கண்டிப்பா ஏறும். கணக்கு பத்து சதவீதம்தான், அதுவும் பத்தாங்கிளாஸ் லெவல், அதுக்காக ஒரு வருஷம் தேவையே இல்ல. உண்மையில கஷ்டம் ரெண்டாவதுதான். 2020ல இருந்து பேப்பரே பத்தி பத்தியா மாறிடுச்சு, ஒவ்வொரு பத்தியும் 450 வார்த்த கிட்ட வரும், லீகலா இருந்தாலும் லாஜிக்கா இருந்தாலும் இங்கிலீஷ்ல வேகமா படிச்சு புரிஞ்சிக்கணும். தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைங்க இங்கதான் அடி வாங்குறாங்க, அவங்களுக்கு அறிவு கம்மின்னு இல்ல, படிக்கற ஸ்பீடுதான் வரல. அப்படி இருந்தா நான் தயங்காம சொல்வேன், திரும்ப எழுதுங்க, ஒரு வருஷம் தினமும் ரெண்டு மணி நேரம் இங்கிலீஷ் படிச்சா இங்கிலீஷ், ஜிகே, லீகல், லாஜிக், கணக்குன்னு அஞ்சு செக்ஷன்லயும் மார்க் ஏறும்.

அடுத்து மாக் டெஸ்ட், அதாவது பழகறதுக்கு எழுதற மாதிரித் தேர்வு. கடைசியா எழுதின பத்து மாக்கோட சராசரிய எடுத்து ஒரிஜினல் மார்க்கோட வச்சு பாருங்க. மாக்ல 80 வந்து பரீட்சையில 65 வந்துச்சுன்னா அன்னைக்கு ஏதோ ஆகியிருக்கு, திரும்ப எழுதறதுல அர்த்தம் இருக்கு. மாக் கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே இருக்கும்போது பரீட்சை வந்துடுச்சுன்னா இன்னும் நல்லது. ஆனா முப்பது நாப்பது மாக் எழுதியும் ஆறு மாசமா ஒரே மார்க்ல நின்னு பரீட்சையிலயும் அதே மார்க் வந்திருந்தா, அதே கோச்சிங் அதே புக்கோட இன்னொரு வருஷம் போட்டா அதே மார்க்தான் வரும். என் கூட படிச்ச ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு, நல்லா உழைக்கற பொண்ணு, ரெண்டாவது தடவ மூணே மார்க் ஏறுச்சு. அது எனக்கு இன்னைக்கும் மனசுக்கு கஷ்டமா இருக்கு, யாராவது முன்னாடியே அவளோட மாக் ஷீட்ட எடுத்து பாத்திருக்கலாம். படிக்கற விதத்துல எத மாத்த போறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுத முடியலன்னா டிராப் போடாதீங்க.

அப்புறம் என்எல்யூ எதுக்கு வேணும்ங்கறத யோசிங்க. கார்ப்பரேட் லா ஃபர்ம் போகணும்னா பெங்களூரு, ஹைதராபாத் மாதிரி என்எல்யூவுக்கு கேம்பஸ் பிளேஸ்மெண்டுக்கு ஆள் வராங்க, அந்த வித்தியாசம் நிஜம். ஆனா ஹைகோர்ட் மதுரை பெஞ்சுலயோ உங்க ஊர் கோர்ட்லயோ பிராக்டிஸ் பண்ணணும், இல்ல ஜட்ஜ் எக்ஸாம் எழுதணும்னா கவர்மெண்ட் லா காலேஜ்ல படிச்சாலும் அதே பார் கவுன்சில்ல தான் வக்கீலா என்ரோல் ஆக போறீங்க, பிராக்டிஸ் பண்ண எழுதற ஆல் இந்தியா பார் எக்ஸாமும் எல்லாருக்கும் ஒண்ணுதான். என்எல்யூ ஃபீஸ் வருஷத்துக்கு லட்சக்கணக்குல வரும், கவர்மெண்ட் காலேஜ் ஃபீஸ் அதுக்கு பக்கத்துலயே வராது. வீட்ல கடன் வாங்கித்தான் கட்டணும்னா அப்பா அம்மாவோட உக்காந்து அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து கணக்கு போட்டுட்டு பேசுங்க. திருச்சி என்எல்யூவுல நம்ம மாநில பிள்ளைங்களுக்கு தனியா சீட்டு இருக்கு, அதனால ஆல் இந்தியா கட்டாஃப்ப மட்டும் பாத்துட்டு மனச விடாம உங்க கேட்டகரியோட கடைசி ரேங்க் என்னன்னு போன வருஷ லிஸ்ட்ல தேடி பாருங்க, சில பேருக்கு பத்து மார்க் தள்ளி இருக்கும்னு நினைச்சது நாலு மார்க்தான் இருக்கும்.

முழு டிராப் வேணாம்னா காலேஜ்ல சேர்ந்துட்டே எழுதலாம், பார்ஷியல் டிராப்னு சொல்வாங்க. நான் அதான் பண்ணேன், சரியாவும் வந்துச்சு. ஆனா மூணு விஷயம். முதல் செமஸ்டர் பரீட்சையும் கிளாட்டும் பக்கத்துல பக்கத்துல வரலாம், சேரும்போதே தேதிய விசாரிங்க. சேர்ந்த பிறகு விட்டுட்டு போனா டிசி, ஒரிஜினல் மார்க் ஷீட்டெல்லாம் எப்போ தருவாங்க, கட்டின ஃபீஸ் என்ன ஆகும்னு அட்மிஷன் போடறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்ல சொல்றத நம்பாதீங்க. ரெண்டாவது தடவ எழுதின கிளாட் ரிசல்ட் வந்த உடனே முதல் காலேஜ விட்டுடவும் கூடாது. 2024 டிசம்பர்ல நாங்க எழுதின கிளாட்டுக்கு ஆன்சர் கீ தப்புன்னு கேஸ் போய், டெல்லி ஹைகோர்ட், அப்புறம் சுப்ரீம் கோர்ட்னு 2025 மே வரைக்கும் இழுத்துச்சு, அது வரைக்கும் எனக்கு எந்த சீட்டுன்னே தெரியல, பழைய காலேஜ்ல ரெண்டாவது செமஸ்டர் பரீட்சைக்கும் படிச்சிட்டேதான் இருந்தேன். கவுன்சிலிங்ல கிடைச்ச சீட்டே போதும்னு ஃப்ரீஸ் பண்ணி, புது காலேஜ் அட்மிஷன் கையில வந்த பிறகுதான் டிசி கேட்டு எழுதி கொடுத்தேன்.