அக்ராவிலிருந்து கேப் கோஸ்டுக்கு: தன்னார்வலர்கள் நண்பர்களுடன் ஒரு வார இறுதியைத் திட்டமிடுவது எப்படி

கானாவின் பள்ளிகளிலும் சிறு மருத்துவமனைகளிலும் சில மாதங்கள் தன்னார்வப் பணி செய்யச் செல்பவர்களில் பலர், தலைநகர் அக்ராவிலோ அதன் சுற்றுப்புறத்திலோ தங்குகிறார்கள். வாரம் முழுவதும் வேலை இருப்பதால், நாட்டைப் பார்ப்பதற்கு அவர்களுக்குக் கிடைப்பது வார இறுதி மட்டுமே. அந்தக் குறுகிய அவகாசத்துக்கு மிகவும் பொருத்தமான இடம், அக்ராவுக்கு மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் அமைந்துள்ள கேப் கோஸ்ட் என்பது என் கருத்து. அடிமை வணிகம் நடந்த கோட்டை, எல்மினாவின் மீன்பிடித் துறைமுகம், ககும் தேசியப் பூங்காவின் மழைக்காடு ஆகிய மூன்றையும் அந்த ஊரில் தங்கியபடியே பார்த்துவிடலாம். ஆனால் இவை அனைத்தையும் ஒரே சனிக்கிழமையில் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களே அதிகம். அப்படிச் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் புறப்பட்டு இரண்டு இரவுகள் தங்குங்கள். கோட்டைக்கு மட்டும் ஒரு முழு முற்பகலை ஒதுக்குங்கள். மற்ற ஏற்பாடுகள் யாவும் அந்த முற்பகலுக்கு இடையூறு செய்யாதபடி அமைய வேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது, நீங்கள் பணிபுரியும் இடத்தின் பொறுப்பாளரிடம் பயணத் தேதிகளைச் சொல்லி அனுமதி பெறுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்போ மருந்தகப் பணியோ உங்கள் பொறுப்பில் இருந்தால், அதை யார் பார்த்துக்கொள்வார் என்பதை நீங்களே முன்கூட்டிப் பேசி முடித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் பணிபுரியும் தன்னார்வலர்கள் அனைவரும் ஒன்றாகக் கிளம்பிவிட்டால் அங்குள்ள நிரந்தரப் பணியாளர்கள் மீதுதான் சுமை விழும் என்பதால், வெவ்வேறு இடங்களில் பணிபுரியும் நண்பர்கள் சேர்ந்து செல்வது நல்லது. நான்கு பேர் கொண்ட குழு எல்லா வகையிலும் வசதியானது. ஒரு வாடகைக் காரில் ஓட்டுநரைத் தவிர நால்வர் அமரலாம். விடுதியில் இரண்டு அறைகள் போதும். உணவகத்தில் ஒரே மேசையில் இடம் கிடைக்கும்.

நால்வரில் ஒருவர் உங்களுடன் பணிபுரியும் கானா நாட்டவராக இருந்தால் பயணம் பல மடங்கு சிறக்கும். ஆங்கிலம் அந்நாட்டின் அலுவல் மொழியாக இருந்தாலும், வண்டி நிலையத்திலும் சந்தையிலும் ட்வி, ஃபான்டே மொழிகளே புழங்குகின்றன. ஆனால் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: அங்கே ஒருவரை வெளியே அழைப்பவர்தான் செலவையும் ஏற்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. உங்கள் சக பணியாளரை அழைத்துவிட்டு, விடுதிக் கட்டணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பிறகு சொல்வது அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். அவருக்கான செலவை மற்ற மூவரும் பகிர்ந்துகொள்வது என்று முதலிலேயே முடிவெடுங்கள். கோட்டையிலும் பூங்காவிலும் உள்நாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கானதைவிடக் குறைவு என்பதால் இது பெரிய செலவாகவும் இராது. மாணவராக இருப்பவர்கள் அடையாள அட்டையை எடுத்துச் செல்ல வேண்டும். பொதுச் செலவுக்கான பணத்தை, கானாவின் நாணயமான சீடி நோட்டுகளாகத் தொடக்கத்திலேயே சேர்த்து ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், சிறு பைகளில் விற்கும் தண்ணீர் வாங்கும் ஒவ்வொரு முறையும் நால்வரும் பணப்பையைத் திறக்க வேண்டியிராது. வண்டிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் பெரிய நோட்டுக்குச் சில்லறை தருவது அரிது. ஆகவே அந்தத் தொகையில் பாதியைச் சிறு நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்ராவில் கேப் கோஸ்ட் செல்லும் வண்டிகள் கனேஷி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ட்ரோட்ரோ எனப்படும் சிற்றுந்துகளுக்கும் சற்று வசதியான வேன்களுக்கும் புறப்படும் நேரம் என்று ஒன்று கிடையாது. இருக்கைகள் நிரம்பியதும் வண்டி கிளம்பும். நால்வராகச் செல்லும்போது, ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பிய வண்டியில் சேர்ந்து அமர இடம் கிடைக்காமல் போகலாம். அதற்காக அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதைவிட, தனித்தனியே அமர்ந்து செல்வதே மேல். போக்குவரத்து சீராக இருந்தால் மூன்று மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஆனால் அக்ராவை விட்டு வெளியேறும் வழியில் உள்ள கசோவா, நெரிசலுக்குப் பேர்போன இடம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் கிளம்பினால் அங்கேயே நெடுநேரம் நிற்க நேரிடும் என்பதால், மூன்று மணிக்குள் வண்டியில் ஏறிவிடப் பாருங்கள். விடுதியை முன்பதிவு செய்திருந்தாலும், வந்துகொண்டிருப்பதாக வழியிலிருந்து தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது.

சனிக்கிழமை காலையில் காட்டுக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே இருக்கும்படி நான் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கானாவில் இறுதிச் சடங்குகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடைபெறுகின்றன. கறுப்பும் சிவப்பும் உடுத்திய உறவினர்கள் ஊர்விட்டு ஊர் செல்வதால், அன்று காலையில் வண்டி கிடைப்பது கடினம். இரண்டாவது காரணமே முக்கியமானது: கோட்டையைக் களைப்பில்லாத உடலோடும் அவசரமில்லாத மனத்தோடும் பார்க்க வேண்டும்.

கேப் கோஸ்ட் கோட்டையின் தொடக்கம் 1653-இல் சுவீடன் நாட்டு வணிகர்கள் எழுப்பிய மரக்கோட்டை. சில ஆண்டுகள் கைமாறிக் கைமாறி, 1660-களின் நடுவில் ஆங்கிலேயரிடம் வந்த அது, பின்னர் பெரும் கற்கோட்டையாக விரிந்து, 1877 வரை கோல்ட் கோஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட இப்பகுதியில் அவர்கள் நடத்திய ஆட்சியின் தலைமையிடமாகவும் விளங்கியது. 1979-இல் யுனெஸ்கோ, கானாவின் கடலோரக் கோட்டைகளை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது இதுவும் அதில் இடம்பெற்றது. நுழைவுச்சீட்டுடன் வழிகாட்டியும் உண்டு. குழுவாக அழைத்துச் செல்லும் அந்தச் சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடக்கும். அதைத் தவிர்த்துவிட்டு நீங்களாகச் சுற்றுவதால் பயனில்லை. நிலவறைக்குள் நுழைந்தபின், காற்றும் வெளிச்சமும் வருவதற்கு மேலே சிறு திறப்புகள் மட்டுமே இருப்பதையும், கழிவு வெளியேறுவதற்குத் தரையில் வெட்டப்பட்ட வாய்க்காலையும், ஆண்களை அடைத்த அறைகளுக்கு நேர் மேலே வழிபாட்டுக்கூடம் இருந்ததையும் வழிகாட்டி சொல்லிக் காட்டும்போதுதான் அந்தக் கட்டடம் என்ன செய்தது என்பது விளங்கும். கப்பலுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கடந்த வாசலுக்கு ‘திரும்பி வராத வாசல்’ என்று பெயர். 1998-இல், அமெரிக்காவிலும் ஜமைக்காவிலும் புதைக்கப்பட்டிருந்த இரு அடிமைகளின் எச்சங்கள் அதே வாசல் வழியாக உள்ளே கொண்டுவரப்பட்டு, உட்பகுதியில் உள்ள அசின் மான்சோ என்ற ஊரில் மறு அடக்கம் செய்யப்பட்டன. அந்த வாசலின் கடலை நோக்கிய பக்கத்தில் இப்போது ‘திரும்பும் வாசல்’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

தமிழ் வாசகர்கள் இங்கே போவதற்கு முன் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட பருத்தித் துணி, ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களில் லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் சென்று, அங்கிருந்து மீண்டும் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்து, மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் ஒன்றாக இருந்தது. அக்ராவின் ஓசு பகுதியில் 1661-இல் கோட்டை கட்டத் தொடங்கிய டென்மார்க்காரர்கள், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பியவர்கள். நம் ஊர்த் தறிகளும் இந்த வணிகத்தின் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்தன என்ற அறிவோடு அந்த அறைகளுக்குள் நிற்பது, வெறும் பார்வையாளராக நிற்பதிலிருந்து வேறானது.

நடந்துகொள்ளும் முறையைப் பற்றி நண்பர்களிடம் முந்தைய இரவே பேசிவிடுங்கள். நிலவறைகளில் சுயமிகளோ குழுப் புகைப்படங்களோ வேண்டாம். உங்களுடன் வரும் குழுவில், தம் முன்னோர்கள் இங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்பதற்காகவே கடல் கடந்து வந்த கறுப்பின அமெரிக்கர்கள் இருக்கக்கூடும். அவர்கள் மலர்வளையங்களுக்கு முன் நிற்கும்போது முன்வரிசையை விட்டுக்கொடுத்துச் சற்று ஒதுங்கி நில்லுங்கள். சுற்று முடிந்ததும் அருங்காட்சியகப் பகுதியைப் பாருங்கள். பிறகு கொத்தளத்தில், பீரங்கிகளின் அருகே வேண்டிய நேரம் அமர்ந்திருங்கள். மதிய உணவுக்கு உடனே ஓட வேண்டியதில்லை.

பிற்பகலில் மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்மினாவுக்குப் பகிர்வு டாக்சியில் செல்லலாம். டாக்சியில் ஏறும்போது ‘டிராப்பிங்’ என்று ஓட்டுநர் சொன்னால், வண்டி முழுவதையும் உங்களுக்கென வாடகைக்குத் தருவதாகப் பொருள்; அது வேண்டாமென்றால் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். போர்த்துக்கீசியர் 1482-இல் கட்டிய எல்மினா கோட்டையை 1637-இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1872-இல் அது ஆங்கிலேயரிடம் வந்தது. கானாவின் உட்பகுதியில் இருந்த அசாந்தி நாட்டின் அரசர் முதலாம் பிரெம்பே 1896-இல் சிறைப்பிடிக்கப்பட்டு, சியரா லியோனுக்கும் பிறகு செஷல்ஸ் தீவுக்கும் நாடுகடத்தப்படும் முன் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தார். இருப்பினும் அதே நாளில் இரண்டாவது கோட்டையின் நிலவறைகளுக்குள் செல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். முதலில் கேட்டவை மனத்தில் தங்க இடம் வேண்டும். பென்யா கழிமுகத்தின் பாலத்தருகே நின்று, வண்ணம் தீட்டிய நீண்ட படகுகள் கரைக்கு வருவதையும் மீன் ஏலத்தையும் பாருங்கள். வேலை நடக்கும் இடம் அது என்பதால், மனிதர்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். விடுமுறையொன்றில் செவ்வாய்க்கிழமை செல்ல நேர்ந்தால், அன்று கடலுக்குப் போகாத மரபு இக்கரையில் இருப்பதால் படகுகள் ஓய்வில் இருப்பதைக் காண்பீர்கள். கரையில் நீரோட்டம் வலுவானது. நன்கு நீந்தத் தெரிந்தவரும் கடலில் இறங்க வேண்டாம்.

சைவ உணவினர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ‘ரெட் ரெட்’ என்பது தட்டைப்பயறு போன்ற பயற்றைச் செம்பனை எண்ணெயில் வேகவைத்து, பொரித்த நேந்திரம் போன்ற பழத்துடன் தரும் உணவு. மீன் சேர்க்காமல் தரச் சொல்லிக் கேளுங்கள். அரிசியும் பயறும் சேர்ந்த ‘வாச்சே’யும் நன்று, ஆனால் உடன் வரும் ‘ஷிட்டோ’ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கில் உலர்ந்த மீனும் இறாலும் இருக்கும். புளித்த சோள மாவை வாழையிலையில் கட்டி வேகவைக்கும் ஃபான்டே கென்கேயை அதன் சொந்த ஊரிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். பணத்தையும் உணவையும் வலக்கையால் கொடுத்து வாங்கும் வழக்கம் நமக்குப் பழகியதே. எந்தக் கேள்விக்கும் முன்னால் வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கும் அங்குள்ள வழக்கத்தையும் கடைப்பிடியுங்கள்.

ஞாயிறு காலை தேவாலய நேரமாதலால் பொது வண்டிகள் குறைவு. ஆகவே ககும் பூங்காவுக்குப் போய் வர ஒரு டாக்சியைச் சனிக்கிழமை மாலையே பேசி, காத்திருப்பதற்கும் சேர்த்து ஒரே தொகையாக முடிவு செய்துகொள்ளுங்கள். பூங்கா ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் இருக்கிறது. 1995-இல் திறக்கப்பட்ட அதன் தொங்குநடைபாதை, பெருமரங்களுக்கு இடையே ஏழு பாலங்களாக ஏறத்தாழ 350 மீட்டர் நீளத்துக்குச் செல்கிறது; சில இடங்களில் தரை 40 மீட்டர் கீழே இருக்கும். கூட்டம் வரும் முன், வாயில் திறக்கும் வேளையிலேயே சென்றால் பறவைகளின் ஒலியாவது கேட்கும். காட்டு யானைகளும் குரங்குகளும் இருந்தாலும் பகலில் கண்ணில் படுவது அரிது. அவற்றை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். உயரத்துக்கு அஞ்சும் நண்பரை வற்புறுத்த வேண்டாம். கீழே வழிகாட்டியுடன் நடக்கும் காட்டுப்பாதை எவ்வகையிலும் குறைந்ததன்று. ஏப்ரல் முதல் ஜூன் வரை கனமழை பெய்வதால், அம்மாதங்களில் வழுக்காத காலணி அவசியம்.

மலேரியாத் தடுப்பு மாத்திரையை விடுதியிலும் தவறாமல் உட்கொள்ளுங்கள். மாலையில் முழுக்கைச் சட்டை அணியுங்கள். கடவுச்சீட்டின் நகலும், பணியிடப் பொறுப்பாளரின் எண் எழுதிய தாளும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இருக்கட்டும்.

திரும்பும் பயணத்தை ஞாயிறு ஒரு மணிக்குள் தொடங்கினால், கசோவா நெரிசல் முற்றுவதற்குள் அக்ராவை அடையலாம். பொதுப்பணத்தில் மிஞ்சியதை வண்டியிலேயே கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தவுடன், நீங்கள் தங்கியிருக்கும் வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர்கள் இரவு உணவை எடுத்துவைத்துக் காத்திருப்பார்கள்.