மொனோங்காஹேலா போரை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

1755 ஜூலை 9. இன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் இடத்தில் அன்று இருந்தது பிரெஞ்சுக்காரர்களின் டூகேன் கோட்டை. அதைப் பிடிக்க வந்த ஜெனரல் பிராடக்கின் பிரிட்டிஷ் படை, மொனோங்காஹேலா ஆற்றைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள் சிக்கிச் சின்னாபின்னமானது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு முதல் சறுக்கல், இந்த மோதல் இடம்பெற்ற பெரிய போரின் பெயரிலேயே இருக்கிறது. 'பிரெஞ்சு-இந்தியப் போர்' என்று எழுதினால் நம் ஆட்களுக்கு டூப்ளேயும் ஆற்காடும்தான் ஞாபகம் வரும். போதாததற்கு, பிரெஞ்சுக்காரரும் இந்தியரும் மோதிக்கொண்டார்கள் என்றும் தோன்றும். இங்கே 'இந்தியர்' என்பது பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற அமெரிக்கப் பூர்வகுடிகளை; அப்படியே எழுதிவிடலாம்.

அடுத்தது, 'பதுங்கியிருந்து தாக்கினார்கள்' என்ற வரி. இதை நானும் வெகுநாள் நம்பினேன். ஆற்றுத்துறையிலேயே மறிக்க வேண்டும் என்பதுதான் பிரெஞ்சுத் தளபதி போஷூவின் எண்ணம்; ஆனால் கிளம்பத் தாமதமாகிவிட்டது. இரண்டு படைகளும் வழியில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. முதலில் சுட்டது பிரிட்டிஷ் முன்னணிதான், போஷூவும் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டார். பூர்வகுடி வீரர்களோ இரு பக்கமும் மரங்களுக்குள் பரவி வளைத்துக்கொண்டார்கள். பின்வாங்கிய முன்னணியும் முன்னேறி வந்த பெரும்படையும் சுமார் 12 அடி அகலப் பாதையில் ஒன்றன்மேல் ஒன்று மோத, புகையில் தன் ஆட்களையே சுட்டவர்களும் உண்டு. சுமார் மூன்று மணி நேரம் இப்படியே போனது.

சரி, வென்றது யார்? 'பிரெஞ்சு வெற்றி' என்று முடிப்பது கஞ்சத்தனம். அந்தப் பக்கம் நின்ற ஏறக்குறைய 900 பேரில் 600க்கு மேற்பட்டவர்கள் ஒடாவா, ஒஜிப்வே, பொட்டாவடோமி, ஷானி, டெலவேர் போன்ற பூர்வகுடிகள். பிராடக்குடன் இருந்த பூர்வகுடிச் சாரணர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

எண்களிலும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் தரப்பின் சுமார் 1,300 பேரில் 900 பேர் செத்தார்கள் என்பது தவறு; அது காயம்பட்டவர்களையும் சேர்த்த கணக்கு. ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக்கிவிடவும் கூடாது. 23 வயது வாஷிங்டன் பிராடக்கின் தன்னார்வ உதவியாளர், அவ்வளவுதான்.

அப்புறம், கதையை 1755-லேயே நிறுத்திவிடாதீர்கள். 1758 அக்டோபரில் பிரிட்டிஷாருடன் செய்துகொண்ட ஈஸ்டன் உடன்படிக்கைக்குப் பிறகு ஒஹையோ பூர்வகுடிகள் பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து விலகினார்கள். அடுத்த மாதமே பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கோட்டைக்குத் தாங்களே தீவைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.