யாழ்ப்பாணத்துக் குளங்களில் மே ஈ தேடுவது எப்படி?

மே ஈ, இளமையில் தண்ணீருக்குள் வாழ்ந்து பிறகு சிறகு முளைத்து வெளியே வரும் ஒரு சிறு பூச்சி. அதைப் பற்றித் தேடிப் படித்தால் ட்ரவுட் மீன் வாழும் குளிர்ந்த ஓடைகளைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ட்ரவுட்டுக்கு இந்தப் பூச்சி பிடித்த இரை. அதனால் தூண்டில்காரர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். நம் நாட்டில் பிரித்தானியர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் நுவரெலியாப் பக்கத்து மலையோடைகளில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ வருடம் முழுக்க ஓடும் ஆறே கிடையாது. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும்.

அதற்காகக் கவலைப்பட வேண்டாம். தேங்கிய நீரில் வாழும் மே ஈக்களும் உண்டு. பேட்டிடே குடும்பத்தின் குளோயான் வகை அப்படிப்பட்டது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பிச் சில வாரங்கள் ஆனபின், கரையோரத் தண்ணீருக்குள் புல்லும் பாசியும் இருக்கும் இடத்தில் தேடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மழை விட்டதும் லைட்டை மொய்க்கும் ஈசல், சிறகு முளைத்த கறையான். அதன் நான்கு சிறகும் ஒரே அளவு, முதுகின் மேல் படுத்திருக்கும், தொட்டால் உதிரும். மே ஈ உட்காரும்போது சிறகைப் பாய்மரம் போல நிமிர்த்தி வைத்திருக்கும், பின்னால் மயிரிழை போன்ற நீண்ட வால்களும் இருக்கும்.

தேவையானவை: தேத்தண்ணி வடி ஒன்று, அதைக் கட்ட ஒரு நீளத் தடி, வெள்ளைக் கோப்பை, மெல்லிய தூரிகை, மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பிகள், பென்சில், தடித்த வெள்ளைத் தாள், 70 முதல் 80 வீத எதனோல். ஒரு கைவில்லை (பூதக்கண்ணாடி) இருந்தால் மிகவும் நல்லது.

தனியே போகாதீர்கள். மாரியில் குளத்தின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கோயில் கேணி என்றால் அங்கே உள்ளவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கவே தேவையில்லை. வேண்டியது எல்லாம் கரையோரத்தில்தான் இருக்கும்.

வடியைப் புல்லின் அடியில் விட்டு, வேர்ப்பக்கமிருந்து மேல்நோக்கி இரண்டு மூன்று தரம் வேகமாக இழுங்கள். கோப்பையில் ஒரு விரல் அளவு குளத்துத் தண்ணீர் ஊற்றி, வடியை அதில் கவிழ்த்துத் தட்டுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் பாருங்கள். அவசரப்படுகிறவர்களுக்கு அதில் குப்பை மட்டும்தான் தெரியும்.

சேறு அடங்கியதும் அசைவு தொடங்கும். நெளிந்து நெளிந்து மேலே வருவது நுளம்புக் குடம்பி. மீன்குஞ்சு மாதிரி ஒரு துள்ளலில் பாய்ந்து, சட்டென நின்று, மறுபடி பாய்வதுதான் நீங்கள் தேடுவது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அணங்கு என்று படித்தோமே, சிறகு முளைக்காத அந்த இளம் பருவம். வாலைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

இனி வில்லையை எடுங்கள். வால் மூன்றா என்று பாருங்கள். மூன்று என்றதும் முடிவு செய்துவிடக் கூடாது, ஏனென்றால் ஊசித்தும்பியின் அணங்குக்கும் பின்னால் மூன்று இருக்கும். ஆனால் அதற்கு இருப்பவை இலை போலத் தட்டையான செவுள்கள். மே ஈயின் வால்கள் நூல் போல மெல்லியவை, ஓரத்தில் மயிர் வைத்தவை. அடுத்து வயிற்றின் இரு பக்கமும் பாருங்கள். மே ஈக்குச் செவுள்கள் அங்கேதான், குளோயானில் ஏழு சோடி. தண்ணீர் அசையாமல் நிற்கும்போது அவை அலையலையாகத் துடிப்பதைக் காணலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த காட்சி அதுதான். காலின் நுனியில் ஒரே ஒரு நகம் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

சேகரிப்புக்கு ஓர் இடத்தில் ஐந்தாறு போதும், மற்றவற்றைத் திரும்ப விட்டுவிடுங்கள். கால்களும் செவுள்களும் தொட்டாலே உடையும், ஆகவே விரலால் பிடிக்காமல் ஈரத் தூரிகையால் தூக்கி, எதனோல் ஊற்றிய குப்பியில் போடுங்கள். எதனோலில் நிறம் மங்கிவிடும் என்பதால் முதலிலேயே படம் எடுத்துவிடுங்கள். மறுநாள் குப்பியின் எதனோலை மாற்றுங்கள். பூச்சியின் உடம்பிலிருக்கும் நீர் அதன் செறிவைக் குறைத்துவிடும்.

இடம், தேதி, எடுத்தவர் பெயர், தண்ணீர் எப்படி இருந்தது: இவ்வளவையும் சிறு தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா வேண்டவே வேண்டாம். முதல் வருடம் நான் பேனாவால் எழுதினேன். ஒரு வாரத்தில் மை கரைந்து பதினொரு குப்பியும் நீலமாகிவிட்டன. எது எந்தக் குளத்தது என்று தெரியாமல் அத்தனையையும் ஒதுக்க வேண்டி வந்தது. இடமும் தேதியும் இல்லாத பூச்சியால் யாருக்கும் பயனில்லை.

மலைநாட்டுக்குப் போனால் முறை வேறு. ஓடும் நீரில் வலையைக் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, மேல்பக்கக் கற்களைப் புரட்ட வேண்டும். ஆனால் ஓர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

இனத்தைச் சரியாகப் பிரிக்கச் சிறகு முளைத்ததும் தேவைப்படும், அதை வீட்டிலேயே வளர்த்து எடுக்கலாம். முதுகில் சிறகுறை கறுத்துப்போன அணங்கு ஒன்றிரண்டை அகன்ற போத்தலில் குளத்துத் தண்ணீரோடு விடுங்கள். நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு குச்சியை வைத்து, வாயை நுளம்பு வலையால் கட்டி, நிழலில் வையுங்கள். ஒரு பின்னேரமோ இரவோ அது சிறகோடு வெளியே வந்து வலையில் ஒட்டியிருக்கும். சிறகு மங்கலாக, பால் கலந்தது போலத் தெரியும். உடனே எதனோலில் போடாதீர்கள், அது இன்னும் ஒரு தரம் தோலுரிக்கும். பறக்கும் சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கிற பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான்.

பெரும்பாலும் அடுத்த நாள் அது நடந்துவிடும். இப்போது சிறகு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். வால் இரண்டுதான், மூன்றாவது இல்லை. வாய் எதையும் உண்ண உதவாது. தலையின் மேல் சிறு கோபுரம் போல இன்னொரு சோடிக் கண் எழும்பியிருந்தால் அது ஆண். வலையில் ஒட்டிக் கிடக்கும் உரித்த தோலையும் தூரிகையால் எடுத்து, பூச்சி இருக்கும் அதே குப்பிக்குள் போட்டு மூடுங்கள்.