மலையேற்றத்தில் தேனீ கொட்டினால்: முதல் ஒரு நிமிடம்

கொல்லிமலை, வெள்ளியங்கிரி என்று கிளம்புகிறவர்கள் பாம்புக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்து நடக்கச் சொல்வது மலைத்தேனீக் கூட்டை. பாறை விளிம்பிலோ உயரமான மரக்கிளையிலோ ஒற்றை அடையாகத் தொங்கும். அதை மூடிக் கறுப்புப் போர்வை போலத் தேனீக்கள் மொய்த்திருக்கும். அந்தப் போர்வை அலை அலையாகச் சிலிர்த்தால் எச்சரிக்கை என்று பொருள். சத்தம் போடாமல் பின்வாங்குங்கள்.

1. கிளம்பும் முன்

வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை. சென்ட், தலையில் பூ இரண்டும் வேண்டாம். பையில் துண்டு, சோப்பு, செட்ரிசின் மாத்திரை. கூட்டுக்குக் கீழே கற்பூரம், அடுப்பு, வெடி எதுவும் கூடாது. சாவு ஊர்வலத்து வெடிக்குக் கூடு கலைந்து கூட்டமே கொட்டு வாங்கியதை ஊர்ப்பக்கம் எல்லோரும் கேட்டிருப்போம்.

2. கூடு கலைந்தால்

ஓடுங்கள். துண்டால் தலையையும் முகத்தையும் மூடி, பாதை தெரிய மட்டும் இடம் விடுங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயிலிருந்து கிளம்பும் வாசனை மற்றதையும் கூப்பிடும். தண்ணீரில் குதிக்க வேண்டாம், தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும். வண்டியோ வீடோ கிடைத்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள்.

3. கொடுக்கை எடுப்பது

இதில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். கொட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள்: சின்ன முள், அதன் மேல் வெளுத்த பை. தேனீ போன பிறகும் அந்தப் பை துடித்துத் துடித்து விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். பெரும்பகுதி அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். பிடுங்கினால் பை நசுங்கும், அட்டையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, அக்கா மகனுக்குக் காதோரம் கொட்டியபோது பையெல்லாம் துழாவி ஏடிஎம் கார்டு தேடினேன். அந்தத் தாமதம் இன்றும் உறுத்துகிறது. நகத்தால் கிள்ளுங்கள், சுரண்டுங்கள், எப்படியாவது உடனே எடுங்கள். தேனீக்கள் இன்னும் துரத்தினால் மட்டும் முதலில் ஓட்டம், பிறகு கொடுக்கு.

குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப் போவதில்லை. தேடி நேரம் கழிக்காதீர்கள். ஒன்றே பலமுறை கொட்டும், இடத்தை விட்டு நகருங்கள்.

4. வலிக்கு

சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்கும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். அரிப்புக்குப் பெரியவர்கள் 10 மில்லிகிராம் செட்ரிசின் ஒன்று போடலாம். சுண்ணாம்பு தடவாதீர்கள், தோல் வெந்துவிடும்.

5. ஆபத்து எப்போது

மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, உதடோ நாக்கோ வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்துத் தலை சுற்றினாலோ உடனே 108. அப்போது காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள், நடக்க விடாதீர்கள்.

நிறையக் கொட்டியிருந்தால், தெம்பாகத் தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். வீடு திரும்பிய பிறகு சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ அளவு குறைந்தாலோ, இரவென்றும் பார்க்காமல் மறுபடி போங்கள்.