ஜாவாவில் ஸ்ட்ரீம்களுக்கிடையே தரவை நகலெடுக்கும்போது

கோப்பை ஒவ்வொரு பைட்டாகப் படித்து எழுதினால், பஃபர் (தரவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) இல்லாத ஸ்ட்ரீமில் (தரவு வரிசையாக வந்துபோகும் வழியில்) ஒவ்வொரு பைட்டுக்கும் இயங்குதளத்தை இருமுறை அழைக்க நேர்வதால், வேலை மிக மெதுவாகவே நகரும். 8192 பைட் கொண்ட அரே ஒன்றை லூப்புக்கு வெளியே உருவாக்கி, தரவு முடிந்ததைக் குறிக்கும் -1-ஐ ரீட் மெத்தட் தரும்வரை அதையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துங்கள். பலரும் தவறுவது ஓரிடத்தில்தான்: ரீட் எத்தனை பைட் தந்ததோ அத்தனையை மட்டுமே ரைட் மெத்தடுக்குக் கொடுக்க வேண்டும், அரே முழுவதையும் எழுதிவிட்டால், 10000 பைட் கோப்பின் நகல் 16384 பைட்டாகி, முந்தைய சுற்றின் மிச்சம் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும்.

2017-இல் வெளிவந்த ஜாவா 9 முதல், இன்புட்ஸ்ட்ரீமின் டிரான்ஸ்ஃபர்டூ மெத்தடே இவ்வளவையும் ஒரே வரியில் செய்துவிடுவதால், நான் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அது ஸ்ட்ரீம்களை மூடாது என்பதால், வேலை முடிந்ததும் ஸ்ட்ரீம்களைத் தானாகவே மூடிவிடும் டிரை-வித்-ரிசோர்சஸ் பகுதிக்குள் வைத்தே அழையுங்கள்.