எச்டிசி வைவ் ஹெட்செட்டைப் பிரித்துச் சரிசெய்வது எப்படி? எதுவரை பிரிக்கலாம்?

விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட் படம் காட்டாமல் நின்றுபோனால் உடனே எல்லாத் திருகுகளையும் கழற்றிப் பார்க்கத் தோன்றும். பெரும்பாலும் அதற்கு அவசியம் இருக்காது. பல நேரங்களில் கோளாறு கேபிளில் இருக்கும், இல்லையென்றால் லென்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவருக்கு வேலையே இல்லை. அதனால் இந்தக் குறிப்பை அடுக்கு அடுக்காக எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எந்த அடுக்கில் தீர்கிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது எச்டிசி வைவ், முதல் மாடல். எச்டிசி, வால்வ் (Valve) என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கி 2016 ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய சரக்குதான். ஆனால் பிரித்துப் பழக இது நல்ல ஹெட்செட். பொருள்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளம், பழுதுபார்க்கும் வசதியில் இதற்கு 10க்கு 8 கொடுத்தது. அதே ஆண்டு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டுக்கு 7.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வைவ் ஹெட்செட்டுக்குள் பேட்டரி கிடையாது. மின்சாரம் கேபிள் வழியாகத்தான் வருகிறது. உங்களிடம் இருப்பது மெட்டாவின் குவெஸ்ட் 2 ஹெட்செட் என்றால் கதை வேறு. அதில் 3640 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி முகப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நெம்புகோல் தவறான இடத்தில் இறங்கினால் தீப்பிடிக்கும். குவெஸ்ட் ப்ரோ, பிகோ 4 போன்றவற்றில் பேட்டரி தலைக்குப் பின்னால், பட்டையில் இருக்கும். எந்த ஹெட்செட்டானாலும் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நெம்பாதீர்கள்.

என்னென்ன வேண்டும்

மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோல் சின்ன பிட் செட் ஒன்று. பிளஸ் தலை, நட்சத்திரத் தலை இரண்டும் அதில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு. உலோகத்தால் நெம்பாதீர்கள், ஹெட்செட்டின் வெளி ஓடு கீறிவிடும். ரப்பர் பல்பில் காற்று ஊதும் தூசி ஊதி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி, நல்ல டார்ச். வாயால் ஊதவே கூடாது. எச்சில் துளி தெறித்தால் தூசியைவிட அது பெரிய தொல்லை.

படி 1: பிரிக்காமலே கோளாறைக் கண்டுபிடிப்பது

இதற்கு நிறைய நேரம் கொடுங்கள். ஹெட்செட்டை இயக்கும் கம்ப்யூட்டர் நிரலான ஸ்டீம்விஆர் காட்டும் பிழை எண்ணே பாதி பதிலைச் சொல்லிவிடும். 108 என்று வந்தால் ஹெட்செட் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. யூஎஸ்பி இணைப்பையும் மின்சாரத்தையும் சந்தேகப்படுங்கள். 208 என்று வந்தால் ஹெட்செட் இருப்பது தெரிகிறது, அதன் திரை மட்டும் தெரியவில்லை. அப்போது எச்டிஎம்ஐ பக்கம் பாருங்கள்.

208க்கு ஒரு சாதாரணக் காரணம், கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகியிருப்பது. கிராஃபிக்ஸ் கார்டின் துளைக்கு மாற்றினால் வேலை முடிந்தது. கார்டில் எச்டிஎம்ஐ துளை ஒன்றுதான் இருந்து, அதை மானிட்டர் பிடித்துக்கொண்டிருந்தால், கம்ப்யூட்டருக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே இருக்கும் லிங்க் பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியில் மினி டிஸ்ப்ளே போர்ட் என்ற வேறொரு துளையும் இருக்கிறது. அதன் வழியாக இணைத்துப் பாருங்கள்.

108 என்றால், லிங்க் பாக்ஸிலிருந்து மின் அடாப்டரையும் யூஎஸ்பியையும் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். அடாப்டர் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் கொண்டது. வீட்டில் கிடந்த வேறு அடாப்டரை யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று பின்பக்க எழுத்தைப் படித்துப் பாருங்கள். பழையதாக வாங்கியவர்கள் இதை நிச்சயம் பார்க்க வேண்டும்.

ஹெட்செட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் நல்லது. சிவப்பு எரிந்தால் கோளாறு. எதுவுமே எரியவில்லை என்றால் மின்சாரம் வந்து சேரவில்லை. நேரே படி 2க்குப் போங்கள்.

படம் வருகிறது, ஆனால் புள்ளியோ கறையோ தெரிகிறது என்றால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, ஹெட்செட்டைத் தலையில் லேசாக இப்படி அப்படி நகர்த்துங்கள். மங்கலாக, ஓரம் இல்லாத நிழல்போல் தெரிந்தால் அது லென்ஸின் மேல். கூர்மையாக, படத்தோடு ஒட்டி அசையாமல் நின்றால் அது திரையின் மேல் படிந்த தூசி. சின்னஞ்சிறு சதுரமாக எப்போதும் ஒரே நிறத்தில் இருந்தால் செத்த பிக்சல். அதை நீங்கள் சரிசெய்ய முடியாது.

நிறம் மாறிய திட்டாகவோ கோடாகவோ தெரிந்தால் வெயில் பட்டிருக்கலாம். லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும். ஜன்னலோரம் லென்ஸ் வெளியே பார்க்க வைத்தால் இது நடக்க அதிக நேரம் ஆகாது. எவ்வளவு துடைத்தாலும் போகாது. வாங்கும்போதே வெள்ளைப் படம் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

படி 2: கேபிளைக் கழற்றி மாட்டுவது

வைவ் கேபிளின் நீளம் சுமார் 5 மீட்டர். ஆடும்போது மிதிபடும், முறுக்கிக்கொள்ளும், நாற்காலிச் சக்கரத்தில் மாட்டும். முதலில் கெடுவதும் அதுதான்.

லிங்க் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். தலைக்கு மேலே போகும் பட்டையின் வெல்க்ரோவைத் தளர்த்தினால், கேபிள் ஹெட்செட்டுக்குள் நுழையும் இடத்தில் சின்ன மூடி ஒன்று தெரியும். கட்டைவிரலால் அழுத்தி நகர்த்தினால் நழுவி வரும். கருவி எதுவும் வேண்டாம். முதல் முறை கொஞ்சம் அடம்பிடிக்கும், பரவாயில்லை.

உள்ளே மின்சாரம், எச்டிஎம்ஐ, யூஎஸ்பி, காதொலி என்று முனைகள் வரிசையாக இருக்கும். எதையும் பிடுங்குவதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுங்கள். அங்கே யூஎஸ்பி துளை கூடுதலாக ஒன்று காலியாக இருக்கும். மறுபடி மாட்டும்போது எது எதில் இருந்தது என்று குழம்ப அது போதும்.

வயரைப் பிடித்து இழுக்காமல், ஒவ்வொரு முனையின் தலையையும் பிடித்து நேராக வெளியே இழுங்கள். டார்ச் அடித்துத் துளைகளைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ ஏதாவது படிந்திருந்தால் அது வியர்வை செய்த வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டுங்கள். எச்டிஎம்ஐ முனையை ஒருமுறைக்கு இருமுறை அழுத்திப் பாருங்கள். அது பாதி உள்ளே போய் நின்றுகொண்டு, போனதுபோல் பாவனை காட்டும். 208 பிழை இந்த ஒரு அழுத்தில் போனாலும் போகும்.

மறுமுனையில், லிங்க் பாக்ஸில் ஹெட்செட் பக்கத் துளைகளுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருக்கிறார்கள். கேபிளின் ஆரஞ்சு முனைகள் அங்கேதான் போக வேண்டும். கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பார்க்கும்போது படம் வந்து வந்து போனால் கேபிளுக்குள் கம்பி அறுந்திருக்கிறது. ஒட்டுப்போட்டு ஓட்ட நினைக்க வேண்டாம். வேகமான எச்டிஎம்ஐ சிக்னல் டேப் சுற்றிய ஒட்டைத் தாங்காது. மாற்றுக் கேபிள்தான் வழி. முதலில் வந்த கேபிள் மூன்று இழைகள் ஒட்டிய தடித்த பட்டைபோல் இருக்கும். பின்னால் வந்தது மெலிதான ஒற்றைக் கேபிள். கிடைத்தால் இரண்டாவதை வாங்குங்கள், தலைக்கும் கனம் குறையும்.

படி 3: முகப்பக்கம்

முகத்தில் படும் மெத்தை வெல்க்ரோவில்தான் ஒட்டியிருக்கிறது. உரித்து எடுங்கள். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டமும் மெல்ல இழுத்தால் கழன்று வரும். மூக்கு படும் ரப்பர் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சென்சார் இருக்கிறது. தலையில் மாட்டியிருக்கிறீர்களா இல்லையா என்று ஹெட்செட்டுக்குச் சொல்வது அதுதான். அதன் மேல் எண்ணெயும் தூசியும் படிந்தால், ஹெட்செட் நன்றாக இருந்தும் திரை இருண்டு கிடக்கும். துணியால் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.

வைவ் லென்ஸ் பிரெனெல் வகை. வட்டவட்டமாக நுண்ணிய வரிகள் இருக்கும், பொருள் பிளாஸ்டிக். சட்டைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தூசியை ஊதுங்கள், அப்புறம் உலர்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடையுங்கள். லென்ஸ் திரவம் தேவைப்பட்டால் துணியில் ஒரு துளி விடுங்கள். லென்ஸில் நேராக விட்டால் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

படி 4: லென்ஸுக்கு உள்ளே போன தூசி

படி 1இல் புள்ளி திரையின் மேல் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் இந்தப் படி. அப்போதும் ஒரு கேள்வி: விளையாடும்போது அது உங்கள் கண்ணை உறுத்துகிறதா? வெள்ளைப் படத்தில் மட்டும் தேடித் தேடிப் பார்த்தால் தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். ஒரு தூசியை எடுக்கப் போய் மூன்று தூசியை உள்ளே விடுவது இங்கே சர்வசாதாரணம்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், நல்ல செய்தி: வெளி ஓட்டைத் திறக்காமலே வைவ் லென்ஸை முன்பக்கமாக வெளியே எடுக்கலாம். சாம்சங் கியர் விஆர் என்ற வேறொரு ஹெட்செட்டின் லென்ஸைக் கழற்றி வைவில் மாட்டிப் பார்த்த ஆர்வலர்கள் இந்த வழியில்தான் செய்தார்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, தூசி பறக்காத அறையில் உட்காருங்கள். லென்ஸின் ஓரத்தை ஹேர் டிரையரால், கை பொறுக்கும் சூட்டில் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் நெம்புகோலை லென்ஸுக்கும் வளையத்துக்கும் இடையே விட்டு, ஒரே இடத்தில் பலம் கொடுக்காமல் சுற்றிச் சுற்றி நெம்புங்கள். லென்ஸ் மேலே வந்ததும் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். இடது எது, வலது எது, மேல்பக்கம் எது என்று சின்ன டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

இப்போது கீழே தெரிவது அமோலெட் திரை. கண்ணுக்கு ஒன்றாக இரண்டு, ஒவ்வொன்றும் 1080க்கு 1200 பிக்சல். அதைத் தொடாதீர்கள். ஹெட்செட்டைத் திரை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கீழிருந்து காற்று ஊதுங்கள். தூசி தானாக விழும். ஒட்டிக்கொண்ட துணுக்கு இருந்தால் மட்டும் துணியின் நுனியால் ஒற்றி எடுங்கள். லென்ஸின் உள்பக்கத்தையும் ஊதிவிட்டு, குறித்த திசையில் வைத்து ஓரத்தைச் சுற்றி அழுத்துங்கள்.

படி 5: வெளி ஓட்டைத் திறப்பது

முதல்முறை செய்பவர்களை இதற்கு நான் அனுப்ப மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

வைவின் ஓட்டில் குழிகுழியாகத் தெரிகிறதே, அவை அழகுக்காக வைத்தவை இல்லை. ஹெட்செட்டைச் சுற்றி 32 ஒளி சென்சார்கள் இருக்கின்றன. அறையின் மூலைகளில் மாட்டும் பேஸ் ஸ்டேஷன்கள் அகச்சிவப்பு லேசரைக் குறுக்கும் நெடுக்குமாக வீசும். அந்த லேசர் எந்த சென்சாரை எந்த நொடித்துளியில் தொட்டது என்பதைக் கணக்கிட்டுத்தான் உங்கள் தலை எங்கே இருக்கிறது என்று ஹெட்செட் தெரிந்துகொள்கிறது. சென்சார்களின் இடம் தொழிற்சாலையிலேயே அளக்கப்பட்டு, அந்த அளவுக் கோப்பு ஹெட்செட்டுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு ஹெட்செட்டின் ஓட்டையும் சென்சார்களையும் கொண்டுவந்து மாட்டினால் அளவு பொருந்தாது. படம் நடுங்கும், தலை சுற்றும்.

ஆகவே திறப்பதற்கு முன் அந்தக் கோப்பை நகல் எடுங்கள். ஸ்டீம்விஆரோடு வரும் லைட்ஹவுஸ் கன்சோல் என்ற சின்ன நிரலில் அதை இறக்கிக்கொள்ளக் கட்டளை உண்டு.

திறக்கும்போது கவனிக்க வேண்டியவை இவ்வளவுதான். கேபிள் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். கையின் நிலைமின்சாரம் போக உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், மணிக்கட்டுப் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தாளில் ஹெட்செட்டின் படத்தை வரைந்து, கழற்றும் திருகை அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் துளையில் முறுக்கினால் அடியில் இருப்பதைக் குத்திவிடும். ஓடு வர மறுத்தால் எங்கோ ஒரு திருகு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பலம் காட்டாமல் தேடுங்கள். ஓடு லேசாகத் திறந்ததும் உடனே இழுத்துவிடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய நாடாக் கேபிள்கள் உள்ளே போகும். அவற்றின் இணைப்பில் சின்னத் தாழ் இருந்தால் அதை நகத்தால் மேலே தூக்கிய பிறகுதான் நாடா வரும். தாழைத் தூக்காமல் இழுத்தால் கிழியும்.

ஒரு சென்சாரின் நாடா அறுந்தாலும் ஹெட்செட் வேலை செய்யும். ஆனால் சில கோணங்களில் திரும்பும்போது மட்டும் படம் துள்ளும். அப்படித் துள்ளினால் எந்தப் பக்கம் திரும்பும்போது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்து நாடாவை முதலில் பாருங்கள்.

மூடுவதற்கு முன்

எல்லாத் திருகையும் இறுக்கிவிட்டுச் சோதிக்காதீர்கள். இரண்டு திருகு மட்டும் போட்டு, கேபிளை மாட்டி, ஸ்டீம்விஆரைத் திறந்து பாருங்கள். விளக்கு பச்சையாகிறதா, இரண்டு கண்ணுக்கும் படம் வருகிறதா, முகத்தருகே கொண்டுபோனால் திரை விழித்துக்கொள்கிறதா, வலப்பக்கக் குமிழைத் திருகினால் லென்ஸ் இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா என்று வரிசையாகப் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால் மீதித் திருகுகளை முறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் முறுக்குவதால், நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள், கூடுதல் அழுத்தம் வேண்டாம். மூக்கு ரப்பர், சட்டம், மெத்தை என்ற வரிசையில் திரும்ப மாட்டி, கடைசியாகக் கேபிள் மூடியை நகர்த்தி மூடுங்கள்.